மீன்காட்சியக ஒளிப்படக்கலை

மீன்காட்சியகத் தொட்டிகளில் வாழும் உயிர்களை வெளியே நின்றபடி படமெடுக்கும் கலை. நீருக்கடியில் மூழ்கிப் படமெடுப்பவருக்கு இல்லாத ஒரு சிக்கல் இதில் உண்டு: கேமராவுக்கும் மீனுக்கும் நடுவே நிற்கும் தடித்த சுவர். படங்கள் கெடுவது பெரும்பாலும் அதனால்தான்.

2002இல் திறக்கப்பட்ட ஜப்பானின் ஒகினாவா சுராவுமி மீன்காட்சியகத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். திமிங்கலச் சுறாவும் கொம்புத் திருக்கைகளும் நீந்தும் அதன் குரோஷியோ தொட்டி 7,500 கன மீட்டர் நீர் கொள்வது. முன்சுவர் 8.2 மீட்டர் உயரமும் 22.5 மீட்டர் அகலமும் ஏறக்குறைய 60 செ.மீ. தடிமனும் கொண்ட அக்ரிலிக். நீர், அக்ரிலிக், காற்று மூன்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பவை. நேர் எதிரே நின்றால் அந்த வளைவு கண்ணுக்குத் தெரியாது. சாய்ந்து பார்த்தாலோ நிறங்கள் பிரிந்து, சுறாவின் முதுகிலுள்ள வெண்புள்ளிகளின் விளிம்பில் வண்ணக் கோடுகள் படியும், உருவமும் குழையும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாலும் இதைச் சரிசெய்ய முடியாது. எனவே சுறாவின் பின்னால் கேமராவைத் திருப்பிக்கொண்டே போவதைவிட, ஓரிடத்தில் நின்று அது நேரே வரும்வரை காத்திருப்பதே சிறந்தது. தொட்டியைச் சுற்றிவரும் மீன் மறுபடியும் அதே வழியில் வரும்.

பிரதிபலிப்பைத் தடுக்க, லென்ஸின் முனையில் மாட்டும் ரப்பர் வளையத்தைச் சுவரோடு ஒட்டி வைப்பார்கள். கைரேகையை முதலில் துடைத்துவிட வேண்டும். போலரைசர் வடிகட்டி இங்கு அவ்வளவாக உதவாது: நேராக நிற்கும்போது பிரதிபலிப்பை அது குறைப்பதில்லை, இருக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் தின்றுவிடும்.

ஃபிளாஷைத் தவிர்ப்பதே முறை. அதன் ஒளி சுவரில் பட்டுத் திரும்பும், நீரில் மிதக்கும் துகள்களை வெண்பொட்டுகளாக்கும், கூச்சமுள்ள உயிர்களை மிரளவைக்கும். ஃபோகஸுக்காகத் தானாக எரியும் சிறுவிளக்கையும் அணைத்துவிட வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். வெளிச்சக் குறையை எஃப் 2.8 அல்லது அதைவிட அகன்ற துளையாலும் 1600 முதல் 6400 வரையிலான ஐஎஸ்ஓவாலும் ஈடுகட்டலாம். நீந்தும் மீனுக்கு ஷட்டர் வேகம் 1/125 நொடிக்குக் குறையக் கூடாது. நீர் சிவப்பொளியை உறிஞ்சிவிடுவதால் படம் நீலம் பாரிக்கும்; ரா கோப்பாக எடுத்தால் பின்னர் நிறத்தை மீட்பது எளிது.

ஜெல்லிமீன் தொட்டிகளில் பின்புலம் இருட்டாக இருக்கும். கேமரா அந்த இருட்டைக் கணக்கில் கொண்டு படத்தை அளவுக்கு மீறி வெளுக்கவைக்கும். ஒளியளவை ஒரு ஸ்டாப் குறைத்தால் குடை போன்ற அதன் உடலின் மெல்லிய கோடுகள் துலங்கும்.

பெரிய தொட்டியின் முன் நிற்கும் மனிதர்களை ஒதுக்கத் தேவையில்லை. நீரின் வெளிச்சத்துக்கு ஏற்ப ஒளியளவை வைத்தால் அவர்கள் கரிய நிழலுருவங்களாகி, சுறாவின் பேருருவை அளந்து காட்டுவார்கள். சுராவுமியில் இரை போடும் வேளையில் திமிங்கலச் சுறா உடலைச் செங்குத்தாக நிமிர்த்தி வாயால் நீரை உறிஞ்சும். 10 மீட்டர் ஆழம் அதற்கு இடம் தருகிறது. அப்போது கேமராவையும் நெடுக்காகப் பிடிக்க வேண்டும். அங்குள்ள பவளத் தொட்டிக்குக் கூரை இல்லை. வெயில் நேரடியாக இறங்கும் நண்பகலே அதைப் படமெடுக்க ஏற்ற நேரம்.