பெயர் போடாத கைகள்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் நம் சேலம் பக்கத்தில் மாரியம்மன் பண்டிகை ஞாபகம் வரும். காமிக்ஸ் படிக்கிறவர்களுக்குக் கூடவே ஈரோடும் ஞாபகம் வரும். மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்திவரும் ஈரோடு புத்தகத் திருவிழா ஆகஸ்டில் நடக்கும். அதை ஒட்டி லயன் - முத்து காமிக்ஸ் வாசகர்கள் ஒரு நாள் கூடிப் பேசுவது சில வருஷங்களாகவே வழக்கம். தம்மம்பட்டியில் காலை முதல் பஸ் பிடித்தால் ராசிபுரம், திருச்செங்கோடு வழியாகப் போய்விடலாம். இந்த வருஷமும் போக உத்தேசம். முழங்கால் ஒத்துழைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் தலை நரைத்தவர்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள் "மாயாவி", "ஸ்பைடர்", "டெக்ஸ்" என்று பேசிக்கொள்வதைப் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் இந்த முறை நான் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மறைந்துபோன சில ஓவியர்களின் பெயர்களை அங்கே சொல்ல வேண்டும். நாம் ஐம்பது வருஷமாகப் பார்த்த படங்களுக்குச் சொந்தக்காரர்கள் அவர்கள். நம்மில் பலருக்கு அவர்கள் பெயர் இன்றும் தெரியாது.

1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. முதல் கதையே 'இரும்புக்கை மாயாவி'. ஆராய்ச்சிக்கூட விபத்தில் வலது கையை இழந்த லூயிஸ் கிராண்டேலுக்கு இரும்புக் கை பொருத்துகிறார்கள். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவார். கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். எங்கள் வயதுப் பையன்களில் பிளக் பாயிண்டைப் பார்த்ததும் விரல் துறுதுறுக்காதவன் யார்?

அந்தக் கையை வரைந்தவர் யார் என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் புத்தகத்தில் விடை இருந்திருக்காது. லண்டனில் 1962-ல் தொடங்கிய 'வேலியன்ட்' வார இதழில் வந்த மூலக் கதையிலேயே ஓவியர் பெயர் கிடையாது. அங்கே அப்போது அதுதான் நடைமுறை. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. படம் கம்பெனிக்குச் சொந்தம். ஓவியர் ஒரு மூலையில் கையெழுத்துப் போட்டாலும் வெள்ளை மை தடவி அழித்துவிடுவார்கள். பெயர் வெளியே தெரிந்தால் போட்டிக் கம்பெனிக்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்ற பயம். 1977-ல் '2000 ஏ.டி.' என்ற இதழ் வந்த பிறகுதான் பிரிட்டனில் எழுதியவர், வரைந்தவர் பெயர்களை ஒழுங்காக அச்சிடும் பழக்கம் ஏற்பட்டது.

மாயாவியை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ. இங்கிலாந்துக்காரர்கூட இல்லை, ஸ்பெயின் நாட்டு பார்சிலோனாக்காரர். 1919-ல் பிறந்தவர். சகோதரர்களும் படம் வரைகிறவர்கள். குடும்பமாகச் சேர்ந்து வேலை செய்தவர்கள். 1995-ல் காலமானார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1972 முதல் 1995 வரை, 23 வருஷம் நாம் அவர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அவரும் உயிரோடு இருந்தார். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைப் பையன்கள் உங்கள் படத்தைப் பார்த்துத்தான் வளர்ந்தார்கள் என்று அவருக்கு யாராவது ஒரு கடிதம் போட்டிருக்கலாம். பெயர் தெரிந்தால்தானே போடுவதற்கு?

ஸ்பைடர் கதை இதைவிட வருத்தமானது. தமிழில் லயன் காமிக்ஸ் 1984-ல் தொடங்கிய பிறகு ஸ்பைடர் இங்கே சக்கைப்போடு போட்டார். அவரை வரைந்த ரெஜ் பன் 1971-லேயே இறந்துவிட்டார். ஸ்பைடர் கதைகளைப் பின்னாளில் எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். அப்பேர்ப்பட்டவர் பெயரையும் அந்தப் பக்கங்களில் போடவில்லை.

எல்லா நாட்டிலும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. லயனின் முதல் இதழ் நாயகி மாடஸ்டி பிளைஸிக்கு, எழுதிய பீட்டர் ஓ'டோனல் பெயரும் வரைந்தவர் பெயரும் உலகம் அறிந்தவை. ஜிம் ஹோல்டவே 1970-ல் ஒரு கதையைப் பாதியில் விட்டுவிட்டு மறைந்தார். அதைத் தொடர்ந்தவர் என்ரிக் ரொமேரோ. இவரும் பார்சிலோனாக்காரர்தான். 2024-ல் காலமானார். மாடஸ்டியோடு தொடங்கிய நம் லயனுக்கு அது நாற்பதாவது வருஷம். இத்தாலியில் டெக்ஸ் வில்லரை 1948-லிருந்து வரைந்த கலெப்பினியை அந்த ஊர்க்காரர்கள் 'கலெப்' என்று செல்லமாக அழைப்பார்கள். 1994-ல் வந்த 400-வது இதழின் அட்டையில் டெக்ஸ் கையசைத்து விடைபெறுவதுபோல் வரைந்தார். அதுதான் அவர் வரைந்த கடைசி அட்டை. அந்த வருஷமே காலமானார்.

நம்மூர்ப் பக்கம் வருவோம். அம்புலிமாமாவில் படத்தின் மூலையில் சித்ரா, சங்கர் என்று பெயர் இருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்கும் அந்தப் பெயர் தெரியும். முதுகில் வேதாளத்தைச் சுமந்து, கையில் வாளோடு விக்கிரமாதித்தன் நடக்கும் படம் சங்கர் வரைந்தது. அவர் கே.சி. சிவசங்கரன். 1924-ல் தாராபுரம் பக்கம் காரத்தொழுவில் பிறந்த கொங்கு நாட்டுக்காரர். 2020 செப்டம்பரில் காலமானார். அடுத்த ஜனவரியில் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அவர் பெயரை நாமெல்லாம் அறிந்திருந்தும் விருது வந்து சேரும்போது ஆள் இல்லை. பெயரே போடாதவர்கள் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

இதை மற்ற ஊர்க்காரர்களைவிட நாம் நன்றாகப் புரிந்துகொள்ள முடியும். நம் தம்மம்பட்டியில் தூங்குமூஞ்சி வாகையிலும் மாவிலங்கையிலும் செதுக்கிய பிள்ளையாரும் தசாவதாரமும் எங்கெங்கோ வீட்டு வாசலிலும் ஓட்டல் வரவேற்பறையிலும் நிற்கின்றன. தம்மம்பட்டி மரச்சிற்பம் என்று புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஊருக்குப் பெருமைதான். ஆனால் சிலையின் அடியைத் திருப்பிப் பார்த்தால் உளி பிடித்தவர் பெயர் இருக்காது. சாமிக்குச் செய்கிற வேலையில் பெயர் எதற்கு என்பது பழைய மரபு. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வியாபாரி கைமாறிப் போகும் பொருளில் பெயர் இல்லாவிட்டால், இருபது வருஷம் கழித்து "இந்த யாளி முகம் யார் கை?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. லண்டன் கம்பெனிக்காரன் பயத்தில் மறைத்த பெயரை நாம் அசட்டையாகவே தொலைத்துக்கொண்டிருக்கிறோம்.

பிளாஸ்கோ பெயரும் ரெஜ் பன் பெயரும் பிற்பாடு எப்படித் தெரியவந்தது? பழைய இதழ்களைச் சேர்த்துவைத்த ரசிகர்கள் கோட்டையும் நிழலையும் ஒப்பிட்டு, ஓய்வு பெற்றவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டு, ஒவ்வொரு பெயராக மீட்டெடுத்தார்கள். அந்த வேலையை எந்த அரசாங்கமும் செய்யவில்லை; நம்மைப் போன்றவர்கள் செய்ததுதான். வாசகர் கூட்டம் என்பது பழைய புத்தகம் வாங்கி விற்க மட்டும் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

வரப்போகிறவர்கள் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, வீட்டில் இருக்கும் பழைய இதழ் ஒன்றை எடுத்து வாருங்கள். அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பத்திரிகைகளுக்குப் படம் போட்டவர்கள், சிவகாசியில் அட்டை வரைந்தவர்கள் என்று உங்களுக்குத் தெரிந்த பெயர் ஏதாவது இருந்தால் அதையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். மரச்சிற்பம் வாங்கியவர்கள் செய்தவர் பெயரைக் கேட்டு, அடியில் பென்சிலால் எழுதிவையுங்கள். ஒரு நிமிஷ வேலைதான்.