பட்டு மட்டுமா நம்ம ஊர்?

மலர்க் குழுவினர் "நம்ம ஊரைப் பத்தி ஏதாவது எழுதுங்க சார்" என்றார்கள். காஞ்சி என்றால் எல்லாரும் பட்டைத்தான் சொல்வார்கள். நான் ‘பட்டா’வைச் சொல்கிறேன். 1919-இல் இங்கே பிறந்த அலமேலுவுக்கு வீட்டில் வைத்த செல்லப்பெயர் அது. பிற்காலத்து டி.கே.பட்டம்மாள்.

பள்ளி நாடகத்தில் மற்ற பெண்களோடு பாடி நடித்த சிறுமி. அந்தக் காலத்தில் பிராமண வீட்டுப் பெண்கள் கொலுவில் கூடிப் பாடலாம், கல்யாணத்தில் நலங்கு பாடலாம். தனியாகக் கச்சேரி மேடை ஏறுவதா? மூச்! குருகுலவாசமும் கிடையாது. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் கச்சேரிகளைக் கேட்டுவிட்டு வந்து, நினைவில் நின்றதை எழுதிவைத்துப் பாடிப் பார்ப்பாராம்.

1929-இல், பத்து வயதில், சென்னை வானொலி. 1932-இல் சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் கச்சேரி. 1939-இல் ‘தியாகபூமி’ படப் பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது. என்னைக் கேட்டால், இதையெல்லாம்விடப் பெரிய துணிச்சல் பல்லவிதான். தாளக் கணக்கு ஆண்களுக்கே உரியது என்றிருந்த நாளில், அதை மேடையில் பாடி ‘பல்லவி பட்டம்மாள்’ ஆனார். 1970-இல் சங்கீத கலாநிதி. அக்காவோடு சேர்ந்து பாடிவந்த தம்பி ஜெயராமனும் பிறகு தனிக்கச்சேரி செய்து, 1990-இல் அதே விருதை வாங்கினார்.