நேற்றுத் தின்ன சோறு

சிவகாசியில் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போன எங்க தாத்தாவுக்கு வயிற்றின் நடுவே நீளமாக ஒரு தழும்பு உண்டு. "நேத்துத் தின்ன சோறு இன்னைக்குச் சாயங்காலம் அப்படியே வாந்தியா வரும். நெய்யூருக்குக் கூட்டிட்டுப் போயி குடலை ஒட்டுப்போட்டுக் கொண்டாந்தோம்" என்பாள் அப்பத்தா.

எதற்காக அவ்வளவு தூரம் நெய்யூருக்கு? தேடிப் பார்த்தால் 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் போன அறுவை மருத்துவர் தியடோர் ஹோவர்ட் சோமர்வெல் வந்து நிற்கிறார். மலையிலிருந்து இறங்கி ஊர் சுற்றியவர், தென் திருவிதாங்கூர் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். (நெய்யூர் இப்போது குமரி மாவட்டம்.)

அங்கே வந்தவர்களில் ஏராளமானோருக்குச் சிறுகுடல் தொடக்கத்தில் புண். புண் ஆறும்போது தழும்பு சுருங்கி இரைப்பையின் வாசலையே அடைத்துவிடும். அடைப்பு பித்தம் கலக்கும் இடத்துக்கு மேலே இருப்பதால் வாந்தியில் பச்சை நிறம் இருக்காது. வயிற்றைக் குலுக்கினால் பாதிக்குடத் தண்ணீர் மாதிரி சலசலக்கும். சோமர்வெல் அடைப்பைத் தொடாமல், சிறுகுடலை நேராக இரைப்பையோடு இணைத்துத் தைத்தார். அப்பத்தா சொன்ன 'ஒட்டு' இதுதான். 1936இல் ஐ. எம். ஓர் என்பவருடன் சேர்ந்து இதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார்.

காரணம்? மரவள்ளிக்கிழங்கு, மிளகாய் என்று உணவைச் சந்தேகித்தார்கள். குன்னூரில் மெக்கரிசன் எலிகளுக்குத் திருவிதாங்கூர் ஏழைகளின் சாப்பாட்டைக் கொடுத்துப் பார்த்தார். அவற்றுக்கும் புண் வந்தது. 1982இல் ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் இரைப்பையில் வாழும் ஒரு பாக்டீரியாவை வளர்த்துக் காட்டிய பிறகு கதை மாறியது. தாத்தாவைப் படுக்க வைத்த புண்ணுக்கு இன்று பெரும்பாலும் மாத்திரை போதும்.

ஆக, அன்றைய சாதாரணக் காரணம் அருகிவிட்டது. அடைப்பு மட்டும் போகவில்லை. இன்று முதலில் சந்தேகப்பட வேண்டியது புற்றுநோயை. அபூர்வமாகக் காசநோய், பித்தப்பையிலிருந்து நகர்ந்து வந்த கல். இன்னொன்று, பாட்டிலில் ஊற்றி வைத்த கழிப்பறை ஆசிட். வாய் ஆறிவிடும், 'பிழைச்சாச்சு' என்று வீட்டுக்கு வருவார்கள். சில வாரம் கழித்து இரைப்பை வாசல் சுருங்கும். எண்டோஸ்கோப்பியில் பலூன் விட்டு விரிப்பார்கள். முடியாவிட்டால் பழைய ஒட்டுதான்.

நம்மூரில் எல்லாவற்றுக்கும் 'வாய்வு' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறோம். நேற்றைய சோறு இன்று வந்தால் அது வாய்வு இல்லைங்க. எண்டோஸ்கோப்பி பாருங்கள். எப்போதாவது ஆசிட் உள்ளே போயிருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.