கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்கா: வழிகாட்டி நடைகள்

அமெரிக்காவின் டென்னசி, வட கரோலினா மாநில எல்லையில் அமைந்த கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் (நிறுவியது 1934) வனக்காவலர்கள் பார்வையாளர்களை அழைத்துச் செல்லும் நடைப்பயணங்கள். பூங்காவின் பரப்பு சுமார் 2,100 சதுர கி.மீ. 1983இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

இயற்கை: மரங்கள் வெளியிடும் ஆவிச் சேர்மங்களால் மலைகள்மீது நீலப் புகை படர்ந்ததுபோல் தெரிவதை வழிகாட்டிகள் விளக்குவர். இங்கு சுமார் 30 வகை சாலமாண்டர்கள் வாழ்கின்றன. அவற்றுள் பல நுரையீரல் இல்லாதவை, ஈரத்தோலாலேயே சுவாசிப்பவை.

வரலாறு: இது செரோக்கி மக்களின் தாய்நிலம். 1838இல் அவர்களில் பெரும்பாலோர் வலுக்கட்டாயமாக மேற்கே விரட்டப்பட்டனர். எஞ்சியோரின் வழித்தோன்றல்கள் பூங்காவின் தென்னெல்லையில் இன்றும் வாழ்கின்றனர். கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கில் குடியேறிகளின் மரக்கட்டை வீடுகளும் தேவாலயங்களும் உள்ளன. 1886இல் கட்டிய மிங்கஸ் மாவு ஆலையை இயக்குவது பெரிய நீர்ச்சக்கரம் அன்று. சிறிய இரும்பு விசையாழி.

நடப்போர் ஓடைக்கற்களைப் புரட்டக் கூடாது. அவற்றின் அடியில்தான் சாலமாண்டர்கள் வாழ்கின்றன.