பதின்மூன்றாம் முன்மொழிவு (கலிபோர்னியா, 1978)

பதின்மூன்றாம் முன்மொழிவு என்பது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சொத்து வரிக்கு உச்சவரம்பு விதித்த அரசமைப்புத் திருத்தம். 1978 ஜூன் 6 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 65 விழுக்காடு வாக்குகளுடன் நிறைவேறி, மாநில அரசமைப்பில் 13ஏ கூறாகச் சேர்ந்தது. ஹோவர்ட் ஜார்விஸ், பால் கான் இருவரும் இதை முன்னெடுத்தனர். வீட்டுக்காரர்களின் வரிச்சுமையைக் குறைக்க வந்த இத்திருத்தம், பள்ளிகளுக்கு எவ்வளவு பணம் என்பதை முடிவு செய்யும் அதிகாரத்தை ஊர்களிடமிருந்து தலைநகர் சாக்ரமென்டோவுக்கு மாற்றிவிட்டது.

பின்னணி

கலிபோர்னியாவில் பொதுப் பள்ளிகளை நடத்துபவை பள்ளி மாவட்டங்கள். இவை தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களைக் கொண்ட தனி உள்ளாட்சி அமைப்புகள். 1970களின் தொடக்கம் வரை அவற்றின் வருவாயில் பெரும்பங்கு அந்தந்தப் பகுதியின் சொத்து வரியிலிருந்தே வந்தது. வரி விகிதத்தையும் உள்ளூரிலேயே முடிவு செய்தார்கள்.

இந்த ஏற்பாட்டின் ஏற்றத்தாழ்வை 'செரானோ எதிர் பிரீஸ்ட்' வழக்கு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 1968-69இல் பால்ட்வின் பார்க் மக்கள் 100 டாலர் மதிப்பீட்டுக்கு 5.48 டாலர் பள்ளி வரி கட்டினர். செல்வந்தர் வாழும் பெவர்லி ஹில்ஸில் வரி 2.38 டாலர்தான். ஆனால் ஒரு மாணவருக்கான செலவு பால்ட்வின் பார்க்கில் சுமார் 577 டாலர், பெவர்லி ஹில்ஸில் சுமார் 1,232 டாலர். அங்கே மாணவர் ஒருவருக்கு 50,885 டாலர் சொத்து மதிப்பு இருந்தது. பால்ட்வின் பார்க்கில் 3,706 டாலர் மட்டுமே. ஒரு பிள்ளையின் கல்வி அவன் வசிக்கும் பகுதியின் சொத்து மதிப்பைப் பொறுத்திருக்கக் கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1971இல் கூறியது. 1973இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் டெக்சாஸ் வழக்கொன்றில் மாறான தீர்ப்பு அளித்தது. அதன் பிறகு, 1976இல் மாநில அரசமைப்பின் அடிப்படையில் தன் நிலையை மாநில நீதிமன்றம் உறுதி செய்தது. இதற்கிடையே, ஒவ்வொரு மாவட்டமும் மாணவருக்கு எவ்வளவு திரட்டலாம் என்பதற்கு 1972இன் சட்டம் வரம்பு வகுத்திருந்தது.

அதே காலத்தில் வீட்டு விலை மளமளவென்று ஏறியது. எல்லாச் சொத்துகளையும் சந்தை மதிப்பில் 25 விழுக்காட்டுக்கு ஒரே சீராக மதிப்பிட வேண்டும் என்று 1966இல் ஒரு சட்டம் வந்திருந்ததால், மதிப்பீட்டாளர்கள் வீடுகளுக்குக் காட்டிவந்த சலுகை போயிற்று. வருமானம் உயராத ஓய்வூதியரின் வீட்டுக்கும் வரி எகிறியது. மாநிலக் கருவூலத்திலோ பல நூறு கோடி டாலர் உபரி குவிந்திருந்தது. இந்த முரண்பாடே வாக்காளர் கோபத்துக்கு எண்ணெய் வார்த்தது.

விதிகள்

சொத்து வரி மதிப்பீட்டில் 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதற்கு முன் மாநிலச் சராசரி சுமார் 2.67 விழுக்காடு. மதிப்பீடு 1975-76ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்பியது. ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயராது. சொத்து கைமாறினாலோ புதிதாகக் கட்டினாலோ மட்டுமே சந்தை விலைக்கு மறுமதிப்பீடு நடக்கும். மாநில வரியை உயர்த்தச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். குறிப்பிட்ட நோக்கத்துக்கான உள்ளாட்சி வரிக்கு வாக்காளரில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைய வேண்டும்.

இந்த விதிகளின் கூட்டு விளைவு பெரிது. 1980இல் 1,00,000 டாலருக்கு வாங்கிய வீட்டின் மதிப்பீடு ஆண்டுதோறும் முழு 2 விழுக்காடு ஏறினாலும், 40 ஆண்டுகளில் சுமார் 2,20,800 டாலரைத்தான் எட்டும். அடுத்த வீட்டைப் புதிதாக வாங்குபவர் அன்றைய சந்தை விலைக்கு வரி கட்டுவார். லாஸ் ஏஞ்சலஸில் 1988இல் 1,70,000 டாலருக்கு வீடு வாங்கிய ஒருவர், நீண்ட நாள் குடியிருக்கும் அண்டை வீட்டாரைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு வரி தன்மீது விழுவதாக வழக்குத் தொடுத்தார். 'நோர்ட்லிங்கர் எதிர் ஹான்' எனப்படும் அவ்வழக்கில் 1992இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது.

பள்ளி வரவு செலவில் மாற்றம்

ஒரே ஆண்டில் சொத்து வரி வருவாய் பாதிக்கும் மேல் குறைந்தது. முதலில் எதிர்த்த ஆளுநர் ஜெர்ரி பிரவுன், நிறைவேறியதும் செயல்படுத்தும் பொறுப்பை ஏற்றார். உபரியைக் கொண்டு மாநிலம் உள்ளாட்சிகளுக்குக் கைகொடுத்தது. 1 விழுக்காட்டு வரியைக் கவுன்ட்டி, நகரம், பள்ளி மாவட்டம் எனப் பங்கிடும் முறையை 1979இன் சட்டம் நிலைப்படுத்தியது.

அதன்பின் பள்ளிப் பணத்தின் பெரும்பகுதி மாநிலப் பொது நிதியிலிருந்து வரலாயிற்று. அந்த நிதி பெருமளவு உயர் வருமானக்காரர்களின் வருமான வரியை நம்பியிருப்பதால், பங்குச் சந்தை சரிந்தால் பள்ளிக் கணக்கும் ஆட்டம் காணும். 2008 நெருக்கடியின்போது மாநிலம் பள்ளிகளுக்குத் தர வேண்டிய தொகையை அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிப்போட்டது.

ஆண்டுச் சுழற்சியிலும் இந்தச் சார்பு தெரிகிறது. ஆளுநர் ஜனவரி 10க்குள் வரவு செலவுத் திட்டத்தை முன்வைத்து, மே மாதத்தில் திருத்துவார். சட்டமன்றம் ஜூன் 15க்குள் நிறைவேற்ற வேண்டும். ஆனால் பணிநீக்க முன்னறிவிப்பை ஆசிரியருக்கு மார்ச் 15க்குள் கொடுத்தாக வேண்டும். எவ்வளவு பணம் வரும் என்று தெரியாமலே பள்ளி வாரியம் அந்தக் கடிதங்களை அனுப்புகிறது. கோடையில் அவற்றில் பல திரும்பப் பெறப்படுகின்றன. நிதிக்கு அடிப்படை சேர்க்கை எண்ணிக்கை அல்ல, சராசரி வருகைப் பதிவு. எனவே மாணவர் வராத நாளும் வருவாயைக் குறைக்கும்.

பின்வந்த மாற்றங்கள்

1988இன் 98ஆம் முன்மொழிவு பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் குறைந்தபட்ச நிதியை உறுதி செய்தது. 2000இல் பள்ளிக் கட்டடக் கடன் பத்திரங்களுக்குத் தேவையான வாக்குகள் 55 விழுக்காடாகக் குறைந்தன. 2012இல் உயர் வருமானத்தின் மீது தற்காலிகக் கூடுதல் வரி வந்தது. 2016 வாக்கெடுப்பு அதை 2030 வரை நீட்டித்தது. 2013இல் வந்த புதிய நிதிப் பகிர்வு முறையில் ஒவ்வொரு மாணவருக்கும் அடிப்படைத் தொகை உண்டு. ஏழை மாணவர், ஆங்கிலம் கற்போர், வளர்ப்புப் பராமரிப்பில் உள்ளோர் ஆகியோருக்கு அதில் 20 விழுக்காடு கூடுதல். இவர்கள் பெருமளவில் பயிலும் மாவட்டங்களுக்கு மேலும் ஒரு தொகை சேரும். உள்ளூர்ச் சொத்து வரியே இந்த ஒதுக்கீட்டைத் தாண்டும் மாவட்டங்கள் மிகுதியைத் தாமே வைத்துக்கொள்ளலாம் என்பதால் ஏற்றத்தாழ்வு முற்றிலும் மறையவில்லை.

மதிப்பீடு

டார்ட்மவுத் கல்லூரிப் பொருளியலாளர் வில்லியம் ஃபிஷல், செரானோ தீர்ப்பே வரி எதிர்ப்புக்கு வழிவகுத்தது என வாதிட்டார். தாங்கள் கட்டும் வரி தங்கள் ஊர்ப் பள்ளிக்கே போகாதபோது வாக்காளருக்கு அதைக் காக்கும் அக்கறை குறைந்தது என்பது அவர் கருத்து, மறுப்பவர்களும் உண்டு. முதியோர் வீட்டை இழக்காமல் காத்தது என்று ஆதரவாளர்கள் போற்றுகின்றனர். பெருநிறுவனங்களின் பழைய சொத்துகளுக்கும் அதே சலுகை கிடைப்பதை எதிர்ப்பாளர்கள் சுட்டுகின்றனர். வணிகச் சொத்துகளை மட்டும் சந்தை விலைக்கு மதிப்பிடக் கோரிய 15ஆம் முன்மொழிவு 2020இல் ஏறத்தாழ 52க்கு 48 என்ற விழுக்காட்டில் தோற்றது. 1 விழுக்காட்டு உச்சவரம்பு இன்றும் நடைமுறையில் உள்ளது.