ரட்லாந்து கவுண்டி

ரட்லாந்து இங்கிலாந்தின் கிழக்கு மிட்லாண்ட்ஸ் பகுதியிலுள்ள ஒரு கிராமப்புறக் கவுண்டி ஆகும். இங்கிலாந்தின் வரலாற்றுக் கவுண்டிகளுள் மிகச் சிறியது இதுவே. பரப்பளவு சுமார் 382 சதுர கிலோமீட்டர்; 2021 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை சுமார் 41,000. "சிறியதில் நிறைய" என்னும் பொருள்படும் இலத்தீன் தொடர் இதன் குறிக்கோளுரையாகும். 1974இல் தன் ஆட்சியுரிமையை இழந்த இக்கவுண்டி, 23 ஆண்டுகளுக்குப் பின் அதைத் திரும்பப் பெற்றது.

புவியியல்

லெஸ்டர்ஷயர், லிங்கன்ஷயர், நார்தாம்ப்டன்ஷயர் ஆகியவை இதன் அண்டைக் கவுண்டிகள். தெற்கு எல்லையில் வெலண்ட் ஆறு ஓடுகிறது. ஓக்கம், அப்பிங்கம் ஆகிய இரண்டு மட்டுமே இங்குள்ள நகரங்கள். ஓக்கம் தலைநகராகும்.

கவுண்டியின் நடுவிலுள்ள ரட்லாந்து வாட்டர் நீர்த்தேக்கம், 1970களில் குவாஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அணை கட்டி உருவாக்கப்பட்டது. நீர்ப்பரப்பின் அளவில் இங்கிலாந்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் இது. இதற்காக நெதர் ஹாம்பிள்டன் என்னும் சிற்றூர் நீரில் மூழ்கியது. நார்மன்டன் தேவாலயம் மட்டும் காப்பாற்றப்பட்டு, இன்று கரையோரத்தில் நிற்கிறது. இங்கிலாந்தில் அற்றுப்போயிருந்த விரால் அடிப்பான் என்னும் மீன்பிடிப் பறவையை மீண்டும் குடியமர்த்தும் பணி 1996இல் இங்கு தொடங்கியது. 2001இல் அது குஞ்சு பொரித்தது.

மரபுச் செல்வங்கள்

ஓக்கம் கோட்டையின் பெருமண்டபம் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்டது. ஓக்கத்துக்கு முதன்முறையாக வரும் பிரபுக்களும் அரச குடும்பத்தினரும் ஒரு குதிரை லாடத்தைக் காணிக்கையாக அளிப்பது வழக்கம். அவ்வாறு சேர்ந்த 200க்கும் மேற்பட்ட லாடங்கள் மண்டபச் சுவர்களில் தொங்குகின்றன. ஓக்கம் பள்ளி, அப்பிங்கம் பள்ளி இரண்டும் 1584இல் ராபர்ட் ஜான்சன் என்ற திருச்சபை அதிகாரியால் நிறுவப்பட்டவை.

அண்மையில் இரு பெரும் கண்டுபிடிப்புகள் நிகழ்ந்தன. 2020இல் ஒரு வயலில், டிராய் போர்க் காட்சிகளைச் சித்திரிக்கும் உரோமானியத் தரை ஓவியம் வெளிப்பட்டது. 2021இல் நீர்த்தேக்கப் பகுதியில் சுமார் 10 மீட்டர் நீளமுள்ள இக்தியோசார் என்னும் கடல் ஊர்வனத்தின் புதைபடிவம் கிடைத்தது.

உள்ளாட்சி

1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் சிறிய கவுண்டிகள் சிலவற்றைப் பெரியவற்றுடன் இணைத்தது. அதன்படி 1974 ஏப்ரல் 1 அன்று ரட்லாந்து, லெஸ்டர்ஷயரின் கீழுள்ள ஒரு மாவட்டமாயிற்று. கல்வி, சாலை போன்ற பொறுப்புகள் லெஸ்டர்ஷயர் கவுண்டி மன்றத்தின் கைக்குச் சென்றன. தங்கள் கவுண்டியின் பெயர் மறைவதை ரட்லாந்து மக்கள் ஏற்கவில்லை. 1990களில் உள்ளாட்சி அமைப்புகள் மறு ஆய்வு செய்யப்பட்டபோது அவர்களின் கோரிக்கை நிறைவேறியது. 1997 ஏப்ரல் 1 முதல் ரட்லாந்து மீண்டும் தனி ஆட்சிப் பகுதியானது. கவுண்டிப் பணிகளையும் மாவட்டப் பணிகளையும் இன்று ஒரே மன்றம் கவனிக்கிறது. இரு நிலைகளும் ஒன்றானதால், சட்டப்படி அதன் பெயர் "ரட்லாந்து கவுண்டி மன்ற மாவட்ட மன்றம்" என்று விந்தையாக அமைந்துள்ளது.

2024 டிசம்பரில் பிரித்தானிய அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, புதிய ஒற்றை மன்றங்கள் பொதுவாக 5 இலட்சம் மக்களையேனும் கொண்டிருக்க வேண்டும் என்றது. ரட்லாந்தின் மக்கள் தொகை அதில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. சிக்கனமான நிருவாகத்துக்குப் பெரிய அமைப்பு தேவை என்பது ஒரு வாதம். மக்களுக்கு எட்டும் தொலைவில் ஆட்சி இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. 1974இல் எழுந்த அதே கேள்வி ரட்லாந்தின் முன் மீண்டும் நிற்கிறது.