இரு பெண் பிரதமர்களும் ஊவாத் தோட்டங்களும்

உலகின் முதற் பெண் பிரதமரான ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் வெளிவிவகாரத் திறமைக்கு அணிசேராக் கொள்கையே சான்றாகக் காட்டப்படுவதுண்டு. பதுளை, பசறை, ஹப்புத்தளைத் தோட்டங்களில் அவர் பெயர் நிலைத்திருப்பதோ ஒப்பந்தங்களினால்.

1964 ஒக்டோபரில் அவரும் லால் பகதூர் சாஸ்திரியும் நாடற்ற 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டனர். எஞ்சிய 150,000 பேரை 1974 இல் அவரும் இந்திரா காந்தியும் சரிபாதியாகப் பிரித்தனர். மேசையின் இருபுறமும் பெண்கள். கொழுந்து பறிக்கும் பெண்களிடம் மட்டும் எவரும் விருப்பம் கேட்டிலர்.

பதுளையில் ரயிலேறித் தலைமன்னாரில் கப்பலேறியோரில், தாய் அக்கரையிலும் மகள் இக்கரையிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. 1984 இல் கப்பலும் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டுடன் லயங்களில் தங்கிவிட்டோருக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டமே இலங்கைப் பிரஜாவுரிமைக்கு வழிவகுத்தது.